பிள்ளையின் காலில் சிறு காயம்: வீட்டோடு பார்ப்பதா, டாக்டரிடம் போவதா?



சங்கத்து ஏட்டில் மார்க்கமும் வியாபாரமும் கல்வியும் பேசப்படுவது வழக்கம். பிள்ளைகளின் கால் காயத்தைப் பற்றி எழுத என்ன இருக்கிறது என்று நேயர்களில் சிலர் எண்ணக்கூடும். நானும் ஒரு காலத்தில் அப்படி எண்ணியவன்தான். அந்த எண்ணத்திற்கு என் மகன் விலை கொடுத்தான். ஆதலால் வெட்கத்தை விட்டு அதைச் சொல்லியே தொடங்குகிறேன்.

சில வருஷங்களுக்கு முன், நோன்புப் பெருநாளுக்கு முந்திய சனிக்கிழமை. கடையில் தலை நிமிர நேரமில்லை. மஃரிபுக்குச் சற்று முன்பு வீட்டிலிருந்து போன் வந்தது. “என்னங்க, தம்பி காலில் ஆணி ஏறிவிட்டது. பின் சந்தில் பெட்டிப் பலகையை மிதித்துவிட்டான். ரத்தம் அதிகமில்லை. டாக்டரிடம் கொண்டு போகட்டுமா?” என்று என் மனைவி கேட்டாள். “ரத்தம் நின்றுவிட்டதல்லவா? மஞ்சளும் சுண்ணாம்பும் குழைத்து வை. கடை சாத்திவிட்டு வந்து பார்க்கிறேன்” என்றேன். நான் வீடு திரும்பியபோது மணி 11. பிள்ளை தூங்கிக்கொண்டிருந்தான். விளக்கைப் பிடித்துப் பார்த்தேன். உள்ளங்காலில் கடுகளவு துவாரம். ‘இதற்கா இவ்வளவு?’ என்று எண்ணிப் படுத்துவிட்டேன்.

நான்காம் நாள் அவன் ஓடி விளையாடினான். ஒன்பதாம் நாள் காலையில் காலை ஊன்ற மாட்டேன் என்று அழுதான். காய்ச்சல் இல்லை. பாதத்தின் மேற்புறம் மட்டும் லேசாக வீங்கியிருந்தது. ஆஸ்பத்திரியில் டாக்டர் கேட்ட முதற் கேள்வி என்னைத் திகைக்க வைத்தது: “ஆணி ஏறியபோது காலில் என்ன போட்டிருந்தான்?” ரப்பர் சிலிப்பர்தான், நம் ஊரில் பிள்ளைகள் எல்லோரும் போடும் ஜப்பான் சிலிப்பர். ஆணி சிலிப்பரைத் துளைத்துக்கொண்டு ஏறும்போது ரப்பரின் துணுக்கையும் உள்ளே தள்ளிவிடுகிறது. வியர்வை ஈரத்தில் சூடோமோனாஸ் என்னும் கிருமி ரப்பர் அடியில் வாழ்கிறது. அது எலும்பிலும் குருத்தெலும்பிலும் போய்த் தங்கினால், வெளிக் காயம் ஆறிய பிறகே, ஒரு வாரமோ இரண்டு வாரமோ கழித்துத் தன் வேலையைக் காட்டும். ஆபரேஷன் செய்து துணுக்கை எடுத்து, பத்து நாட்களுக்கு மேல் ஊசி மருந்து ஏற்றினார்கள். இப்போது அவன் நன்றாக நடக்கிறான், அல்ஹம்துலில்லாஹ்.

அந்தப் பத்து நாட்கள் ஆஸ்பத்திரித் தாழ்வாரத்தில் உட்கார்ந்து, வரும் போகும் டாக்டர்களிடமும் நர்ஸ்களிடமும் கேட்டறிந்ததையும், பின்னர் படித்தறிந்ததையும் கீழே எழுதுகிறேன். நான் வைத்தியன் அல்லன். இது வைத்தியம் செய்வதற்கான பாடமும் அல்ல. எப்போது வைத்தியரிடம் போக வேண்டும் என்பதற்கான பாடம் மட்டுமே.

முதற் காரியம் கழுவுவது

உஹுதுப் போரில் நபிகள் நாயகம் (ஸல்) அவர்களுடைய திருமுகத்தில் காயம் பட்டபோது, அலீ (ரலி) அவர்கள் கேடயத்தில் தண்ணீர் கொண்டுவந்து ஊற்ற, பாத்திமா (ரலி) அவர்கள் ரத்தத்தைக் கழுவினார்கள் என்பதும், ரத்தம் நிற்காதது கண்டு பாய்த் துண்டொன்றை எரித்து அதன் சாம்பலை வைத்து அடைத்தார்கள் என்பதும் ஹதீஸ் கிரந்தங்களில் உள்ள செய்தி. முதலில் கழுவுதல், பிறகு ரத்தத்தை நிறுத்துதல். போர்க்களத்தில் கைக்குக் கிடைத்தது பாயின் சாம்பல். நமக்குச் சுத்தமான துணி கிடைக்கிறது. ஆகவே சாம்பலைத் தேடிப் போக வேண்டியதில்லை.

குழாயைத் திறந்து, ஓடும் நீரில் காலை 5 நிமிஷம் முதல் 10 நிமிஷம் வரை காட்டுங்கள். பினாங்குக் குழாய்த் தண்ணீரே போதும். காயத்தைச் சுற்றிலும் சோப்புப் போடலாம். ரத்தம் ஓடினால் சுத்தமான துணியை மடித்து வைத்து, உள்ளங்கையால் அழுத்தி, காலைத் தலையணை மேல் தூக்கி வைத்து 10 நிமிஷம் பிடிக்க வேண்டும். இடையிலே எடுத்து எடுத்துப் பார்க்கக் கூடாது. கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே பிடியுங்கள். அழுகிற பிள்ளையின் பக்கத்தில் 10 நிமிஷம் என்பது ஒரு மணி நேரம் போலத் தோன்றும். அப்படிப் பிடித்தும் நிற்காத ரத்தத்திற்கு வீட்டில் வேறு மருந்து கிடையாது. அழுத்திப் பிடித்தபடியே புறப்பட வேண்டியதுதான்.

கோப்பித்தூள், சுண்ணாம்பு, மஞ்சள், பற்பசை, சுருட்டுச் சாம்பல் ஆகிய எதையும் காயத்திற்குள் அடைக்காதீர்கள். மஞ்சளின் குணத்தை நான் மறுக்கவில்லை. உணவில் அதற்கு ஈடில்லை. ஆனால் சமையற்கட்டு டப்பாவில் இருப்பது கிருமி நீக்கிய மருந்தல்ல. அதை அடைத்துக்கொண்டு போனால், டாக்டர் காயத்தைப் பார்க்குமுன் அதைத் தோண்டி எடுக்க வேண்டியிருக்கிறது, பிள்ளைக்கு இரட்டை வேதனை. கிருமிநாசினித் திரவங்களைத் தண்ணீர் கலக்காமல் அப்படியே ஊற்றுவதும் தசையைச் சுட்டுப் புண்ணாக்கும்.

அளவு பார்க்காதீர்கள், ஆழம் பாருங்கள்

வியாபாரிகளாகிய நாம் சரக்கை அளவு பார்த்து மதிப்பிடுவோம். காயத்தில் இந்தப் பழக்கம் நம்மை ஏமாற்றும். முழங்காலிலிருந்து கணுக்கால் வரை உராய்ந்து, பார்க்கவே பயங்கரமாக இருக்கும் சிராய்ப்பு, நன்றாகக் கழுவிக் கட்டினால் ஒரு வாரத்தில் ஆறிவிடும். கடுகளவு ஆணித் துவாரம் அப்படியல்ல. அகன்ற காயத்தின் அழுக்கைத் தண்ணீர் கொண்டுபோய்விடுகிறது. ஆணி சென்ற குகைக்குள் தண்ணீர் போவதில்லை, காற்றும் போவதில்லை.

ஆதலால் ஆணி, முள், கம்பி, கண்ணாடி ஆகியவை உள்ளங்காலில் ஆழமாக ஏறினால், அதிலும் சிலிப்பரையோ சப்பாத்தையோ துளைத்துக்கொண்டு ஏறினால், அன்றைக்கே டாக்டரிடம் காட்டிவிடுங்கள். அந்தச் சிலிப்பரையும், கிடைத்தால் ஆணியையும், கையோடு கொண்டு போங்கள். சிலிப்பரில் துவாரத்தைச் சுற்றி ரப்பர் காணாமற் போயிருந்தால் அது எங்கே போயிருக்கும் என்பது விளங்கிவிடும். கண்ணாடித் துண்டு எக்ஸ்ரேயில் பெரும்பாலும் தெரியும். மரச் சிலாம்பும் ரப்பரும் அநேகமாகத் தெரியாது. எக்ஸ்ரேயில் ஒன்றுமில்லை என்று சொன்னால், மிதித்தது மரமா கண்ணாடியா என்பதை நாம்தான் டாக்டருக்கு நினைவூட்ட வேண்டும்.

தோலோடு நிற்கும் சிறு சிலாம்பைச் சாமணத்தால் எடுக்கலாம். ஆழப் பதிந்து நிற்பதைப் பிடுங்கக் கூடாது. அசையாமல் துணி சுற்றிக்கொண்டு போக வேண்டும். பிடுங்கினால் பாதி உள்ளே ஒடியும், அல்லது அது அடைத்துக்கொண்டிருந்த ரத்தம் பீறிடும்.

ஏற்கெனவே வீட்டோடு பார்த்துவிட்டீர்களா? குற்றமில்லை. ஆனால் இரண்டு வாரத்திற்குக் கணக்கை மூடாதீர்கள். குறைந்துவந்த வலி மறுபடி கூடினாலும், ஓடியவன் மறுபடி நொண்டினாலும், காய்ச்சல் இல்லையே என்று சமாதானம் சொல்லிக்கொள்ளாமல் புறப்படுங்கள். என் பிள்ளைக்குக் காய்ச்சல் வரவேயில்லை.

ரணஜன்னிக் கணக்கு

துருப்பிடித்த ஆணி குத்தினால்தான் ரணஜன்னி வரும் என்று நம் பெரியவர்கள் நினைத்தார்கள். துருவுக்கும் ரணஜன்னிக்கும் நேர்ச் சம்பந்தம் இல்லை. மண்ணிலும் புழுதியிலும் மிருகங்களின் சாணத்திலும் இருக்கும் ஒரு கிருமியால் வருவது அது. ஜப்பானியராகிய கிடசாட்டோ 1889ஆம் வருஷம் அதைத் தனியே பிரித்து வளர்த்துக் காட்டினார். காற்றில்லாத இடத்திலேதான் அது பெருகும். ஆணித் துவாரம் அதற்குத் தோதான அறை. காயம் பட்ட 3 நாள் முதல் 21 நாளுக்குள் தாடை இறுகி, உடம்பு வில்லாய் வளையும். வந்த பின் வைத்தியம் கஷ்டம். வராமற் தடுக்கும் ஊசியோ மிக எளிது.

இந்த ஊசியின் கணக்கு நம்மவருக்குச் சிரமமாக இராது, தவணைக் கணக்குத்தான். மலேசிய அரசாங்க அட்டவணைப்படி 2, 3, 5, 18 மாதங்களில் போடும் கூட்டுத் தடுப்பூசியில் ரணஜன்னித் தடுப்பும் அடங்கியிருக்கிறது. பிறகு 7 வயதில் பள்ளியில் ஒன்று, 15 வயதில் ஒன்று. முதல் மூன்று தவணையாவது முழுதாகச் சென்றிருந்தால், சுத்தமான சிறு காயத்திற்குக் கடைசி ஊசியிலிருந்து 10 வருஷம் வரை வேறு ஊசி வேண்டாம். மண், சாணம், சாக்கடை பட்ட காயமோ ஆழ்ந்த ஆணிக் காயமோ ஆனால் 5 வருஷம்தான் கெடு.

உதாரணம் ஒன்று: உங்கள் மகனுக்கு வயது 12. கடைசி ஊசி 7 வயதில். சுவரில் உராய்ந்த சிராய்ப்பானால் ஊசி பற்றிக் கவலை இல்லை. பின் சந்துச் சாக்கடையோரத்து ஆணியானால் கெடு முடிந்துவிட்டது. டாக்டர் ஒரு ஊசி போடச் சொல்வார். மூன்று தவணையும் முழுதாகப் போடாத பிள்ளைக்கு அழுக்குக் காயம் பட்டால், தடுப்பூசியோடு உடனடிப் பாதுகாப்புக்கான வேறோர் ஊசியும் வேண்டியிருக்கும். அது எல்லாச் சிறு கிளினிக்கிலும் இருக்காது.

கடையநல்லூரிலிருந்தும் இராமநாதபுரத்துச் சீமையிலிருந்தும் பள்ளி விடுமுறைக்கு வரும் பிள்ளைகளுக்கு அட்டவணை வேறு. இந்தியாவில் 6, 10, 14 வாரங்களில் முதல் மூன்று தவணை. பிறகு ஒன்றரை வயதை ஒட்டி ஒன்று, 5 வயதுக்கு மேல் ஒன்று, 10 வயதிலும் 16 வயதிலும் ஒவ்வொன்று. பாஸ்போர்ட்டைப் பத்திரமாகக் கொண்டுவரும் நம்மவர்கள் தடுப்பூசி அட்டையை ஊரிலேயே விட்டுவிடுகிறார்கள். அதன் படமொன்றைக் கைப்பேசியில் வைத்துக்கொண்டால் போதும். ஒரு பைசா செலவில்லை.

நடக்கிறானா?

ஆணியும் கண்ணாடியும் அன்றி, விழுந்து புரண்டு, அல்லது கால் மேல் சாமான் விழுந்து அடிபட்டால் கேள்வி வேறு. எலும்பு முறிந்திருக்கிறதா, வெறும் சுளுக்கா?

கனடா நாட்டில் ஒட்டாவா என்ற நகரத்து டாக்டர் இயான் ஸ்டீலும் அவர் கூட்டாளிகளும் 1992இல் இதற்கு ஒரு விதி வகுத்தார்கள். வீணாக எடுக்கப்படும் எக்ஸ்ரேக்களைக் குறைப்பதே அவர்கள் நோக்கம். டாக்டர்கள் விரலால் அழுத்திப் பார்க்கும் விதிதான் என்றாலும், அதன் சாரத்தைத் தகப்பன்மாரும் தெரிந்துகொள்ளலாம். அடிபட்ட உடனேயும், பிறகு பரிசோதிக்கும்போதும், நொண்டியாவது நாலு எட்டு வைக்க முடிகிறதா என்று பாருங்கள். வைக்க முடியவில்லையென்றால் எக்ஸ்ரே வேண்டும். வைக்க முடிந்தாலும், சதையை விட்டு எலும்பை அழுத்தும்போது வலித்தால் அப்போதும் வேண்டும். அழுத்திப் பார்க்க வேண்டிய இடங்கள் நான்கு: உட்கணு, வெளிக்கணு இவற்றின் பின்விளிம்பும் நுனியும், பாதத்தின் வெளியோரம் சுண்டுவிரலிலிருந்து பாதி தூரத்தில் புடைத்திருக்கும் எலும்பு, உட்கணுவுக்குச் சற்று முன்னால் பாதத்தின் உள்ளோரம் இருக்கும் எலும்பு. முதலில் நல்ல காலை அழுத்திக் காட்டுங்கள். பிறகு அடிபட்ட கால். அப்போதுதான் பிள்ளை பயத்தால் கத்துகிறானா வலியால் கத்துகிறானா என்பது விளங்கும்.

இவ்விதி 5 வயதுக்கு மேற்பட்ட பிள்ளைகளுக்கே ஒத்துவரும். அதற்குக் கீழ்ப்பட்ட குழந்தைக்கு விதி ஒன்றே: நடந்துகொண்டிருந்த குழந்தை நடக்க மறுத்தால் டாக்டரிடம் காட்ட வேண்டும். இரண்டு மூன்று வயதுக் குழந்தை சாதாரணமாகத் தடுக்கி விழுந்தாலே முன்னங்கால் எலும்பில் மயிரிழை போல ஒரு முறிவு ஏற்படுவதுண்டு. வீக்கமே தெரியாது. முதல் எக்ஸ்ரேயிலுங்கூடத் தெரியாமற் போகலாம். தவழும், ஆனால் நிற்காது. ‘செல்லம் கொஞ்சுகிறது’ என்று உம்மம்மா சொல்வதை இந்த ஒரு விஷயத்தில் மட்டும் கேட்க வேண்டாம்.

பெரியவர்களுக்கும் பிள்ளைகளுக்கும் இதில் முக்கியமான பேதம் ஒன்றிருக்கிறது. வளரும் எலும்பின் முனையருகே வளர்ச்சித் தட்டு என்று மெல்லிய பகுதி உண்டு. பெரியவர் கால் மடங்கினால் முதலில் நரம்புப் பட்டை நைகிறது, அது சுளுக்கு. பிள்ளைக்கோ பட்டையை விட அந்தத் தட்டு பலவீனம். பட்டை தாங்கிக்கொள்ள, தட்டு விலகிவிடலாம். அதனால்தான் வீங்கிய பிள்ளைக் காலைத் தைலம் போட்டு உருவி விடுவதை நான் எதிர்க்கிறேன். ஊரில் புத்தூர்க் கட்டுக்குப் பெயருண்டு. இங்கே சீனத்துச் சின்சே இருக்கிறார், மலாய்க்காரரில் எலும்பு கட்டுவோர் இருக்கிறார்கள். அவர்கள் கைத்திறனைப் பழிப்பது என் வேலையல்ல. எக்ஸ்ரே எடுத்து முறிவில்லை என்று தெரிந்த பிறகு, பெரியவர்கள் தங்கள் காலுக்கு எந்தத் தைலமும் தேய்த்துக்கொள்ளட்டும். பிள்ளையின் காலை அதற்கு முன் யாரும் முறுக்கக் கூடாது.

கால் கோணியிருந்தாலும், விரல்கள் குளிர்ந்து வெளுத்திருந்தாலும், மரத்துப் போயிருந்தாலும் நாலு எட்டுப் பரீட்சையெல்லாம் வேண்டாம். அசையாமல் வைத்து நேரே அவசரப் பிரிவுக்குத்தான்.

சாதாரணச் சுளுக்குத்தான் என்று தெரிந்தால், ஓய்வு, காலை உயர்த்தி வைத்தல், துணியில் சுற்றிய ஐஸ் 10 முதல் 15 நிமிஷம், இவை போதும். வலிக்குப் பாராசிட்டமால் கொடுக்கலாம். பிள்ளையின் எடை ஒரு கிலோவுக்கு 15 மில்லிகிராம் வீதம், 20 கிலோப் பிள்ளைக்கு 300 மில்லிகிராம், நாளொன்றுக்கு நான்கு தடவைக்கு மேற்படாமல். அஸ்பிரின் 16 வயதுக்குட்பட்டவர்களுக்குக் கூடாது.

மோட்டார் சைக்கிள் சக்கரம்

பினாங்கில் நம்மவர் வீட்டுக்கு வீடு மோட்டார் சைக்கிள் உண்டு. பிள்ளையைப் பின்னால் உட்கார வைத்துப் பள்ளிக்கும் மத்ரஸாவுக்கும் கொண்டு போகிறோம். காலைத் தொங்கவிட்ட குழந்தையின் குதிகால் சக்கரக் கம்பிகளுக்குள் போவது அடிக்கடி நடக்கிற விபத்து. இதிலுள்ள சூது, முதல் நாள் அது வெறும் சிராய்ப்புப் போலத் தோன்றுவதுதான். கம்பிகள் தோலை வெட்டுவதோடு நசுக்கியும் விடுகின்றன. நசுங்கிய தோலுக்கு ரத்த ஓட்டம் நின்று, இரண்டு மூன்று நாளில் அது கறுத்துச் செத்து உரியத் தொடங்கும். குதிகாலின் பின்னால் உள்ள பெரிய நாண் வெளியே தெரியும் அளவுக்குப் போய், வேறிடத்துத் தோலை எடுத்து ஒட்டவேண்டி வந்த பிள்ளைகள் உண்டு. ஆகவே சக்கரத்தில் அகப்பட்ட கால் எவ்வளவு சிறிதாகத் தோன்றினாலும் அன்றே டாக்டர் பார்க்க வேண்டும், எக்ஸ்ரேயும் வேண்டும், மூன்றாம் நாள் மறுபடி காட்ட வேண்டும். கம்பிகளை மறைக்கும் தடுப்பும், பிள்ளைக்கு எட்டும் கால்மிதியும் போட ஆகும் செலவு, ஒரு சட்டைத் துணியின் விலைகூட இராது.

இதே போல நசுங்கல் காயம் ஒன்று நம் கடைகளிலும் நேர்வதுண்டு. துணிக்கட்டோ அரிசி மூட்டையோ பிள்ளையின் பெருவிரலில் விழும். நகத்தடியில் ரத்தம் கட்டிக் கறுத்து விண்விண் என்று தெறிக்கும். வலி பொறுக்குமளவு இருந்தால் விட்டுவிடலாம். தூங்கவிடாத வலியானால் டாக்டர் நகத்தில் சிறு துளையிட்டு ரத்தத்தை வடிப்பார். அந்த நிமிஷமே வலி அடங்கும். ஆனால் விரல் இடறியோ நசுங்கியோ, நகத்தின் அடிமூலத்தில் தோலோரமாக ரத்தம் கசிந்தால் அது வேறு விஷயம். உள்ளே வளர்ச்சித் தட்டில் முறிவு ஏற்பட்டு, அந்தக் கசிவு வழியாகக் கிருமி எலும்புக்கே போகலாம். எக்ஸ்ரே எடுக்க வேண்டிய காயம் அது.

வேறு சில

பிள்ளைக்கு அடிபட்டதாக நிச்சயமாகத் தெரியாது, ஆனால் நொண்டுகிறான், காய்ச்சலும் இருக்கிறது என்றால் அதைக் கால் காயம் என்றே எண்ண வேண்டாம். எங்கேயோ விழுந்திருப்பான் என்று நாமே ஒரு கதை கட்டிக்கொள்வோம். இடுப்பு மூட்டிலோ முழங்கால் மூட்டிலோ சீழ் பிடிக்கும் நோய் இப்படித்தான் தொடங்கும். அதில் ஒவ்வொரு மணி நேரமும் முக்கியம். இரவானாலும் ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.

காரணமின்றி அழும் கைக்குழந்தையின் கால் விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்துப் பாருங்கள். பிள்ளை பெற்ற தாய்க்கு முடி உதிர்வது இயல்பு. உதிர்ந்த முடி ஒன்று காலுறைக்குள் புகுந்து விரலைச் சுற்றி இறுக்கி, விரல் வீங்கிச் சிவந்திருக்கும். கண்ணுக்குத் தெரியும் முடியை உடனே எடுக்கலாம். தெரியாமல் சதைக்குள் இறங்கியிருந்தால் தாமதமின்றி டாக்டர்.

பத்து பெரிங்கியிலும் தஞ்சோங் பூங்காவிலும் கடலில் இறங்கும் பிள்ளைகளைத் திருக்கை வாலும், மலாயில் செம்பிலாங் எனப்படும் மீனின் முள்ளும் குத்துவதுண்டு. அவ்விஷம் சூட்டில் தணியும். பொறுக்கக்கூடிய வெந்நீரில், 45 டிகிரிக்கு மேற்படாமல், அரை மணி முதல் ஒன்றரை மணி நேரம் வரை காலை வைக்கலாம். உங்கள் கையை முதலில் விட்டுப் பார்த்து வையுங்கள். வலியில் துடிக்கும் பிள்ளைக்குச் சூடு தெரியாது. பிறகு டாக்டரிடம் காட்டி முள் துண்டு உள்ளே இருக்கிறதா என்று பார்க்க வேண்டும்.

2017 நவம்பர் 4, 5 தேதிகளில் பினாங்கு வெள்ளத்தில் மூழ்கியது நம் எல்லோருக்கும் நினைவிருக்கும். வெள்ளத்திலும் சாக்கடை நீரிலும் எலியின் மூத்திரம் கலந்திருக்கும். காலில் புண்ணுள்ள பிள்ளை அதில் நடந்தால் எலிக் காய்ச்சல் வரலாம். மலேசியாவில் இந்நோயை டாக்டர்கள் அரசாங்கத்திற்கு அறிவிக்க வேண்டும் என்று 2010 டிசம்பரில் சட்டமாயிற்று. காயம் ஆறியிருந்தாலும், அதன் பின் ஒரு மாதத்திற்குள் காய்ச்சலும் கெண்டைக்கால் வலியும் கண் சிவப்பும் வந்தால், “பிள்ளை வெள்ளத்தில் நடந்தான்” என்பதை டாக்டரிடம் சொல்ல மறக்காதீர்கள்.

நாயோ பூனையோ காலைக் கடித்தால், சிறு கீறலேயானாலும், 15 நிமிஷம் சோப்பும் ஓடும் நீருமாகக் கழுவி அன்றே போக வேண்டும். 2015இல் பெர்லிஸ், கெடா, பினாங்கு மாநிலங்களில் வெறிநாய் நோய் கண்டது வெகு தூரத்துச் சங்கதியல்ல.

இங்கே எழுதியவை சுகமாயுள்ள பிள்ளைகளுக்கு. நீரிழிவுள்ள பிள்ளைக்கோ, வீட்டிலுள்ள நீரிழிவுக்காரப் பெரியவருக்கோ கால் காயம் பட்டால் இந்தக் கணக்கெல்லாம் செல்லாது. கொப்புளமேயானாலும் டாக்டரிடம் காட்ட வேண்டும்.

வீட்டோடு வைத்துப் பார்க்கும்போது

வாய் பிளக்காத வெட்டு, உராய்ந்த சிராய்ப்பு, சப்பாத்துக் கடித்த கொப்புளம், எலும்பு வலியில்லாத சுளுக்கு, இவற்றை வீட்டில் பார்க்கலாம். நாள்தோறும் கழுவிப் புதுக்கட்டுப் போடுங்கள். காயத்தைச் சுற்றிய சிவப்பின் எல்லையில் பேனாவால் கோடு போட்டு நேரத்தையும் எழுதி வையுங்கள். இது ஒரு நர்ஸம்மா சொல்லித் தந்த தந்திரம். கடையில் சரக்கிருப்பைக் குறிப்பது போல எளியது. சிவப்பு கோட்டைத் தாண்டினாலும், சீழ் வைத்தாலும், காலில் சிவந்த கோடு மேலே ஏறினாலும், தொடையிடுக்கில் நெறி கட்டினாலும், காய்ச்சல் வந்தாலும் வீட்டு வைத்தியம் அத்துடன் முடிந்தது. வாய் பிளந்த வெட்டைக் காலையில் பார்க்கலாம் என்று விடாதீர்கள். தையல் வேண்டிய காயத்தை நேரத்தோடு தைத்தால்தான் சுத்தமாக ஆறும்.

எங்கே போவது என்பதிலும் நம்மவர்க்குக் குழப்பம். கழுவித் தைக்க வேண்டியது, ஊசி போட வேண்டியது ஆகியவற்றை டவுனில் உள்ள தனியார் கிளினிக்கிலோ, பிரஜைகளுக்கு 1 ரிங்கிட்டில் வைத்தியம் பார்க்கும் அரசாங்க சுகாதாரக் கிளினிக்கிலோ முடிக்கலாம். புறப்படுமுன் போன் செய்து, திறந்திருக்கிறதா, ஊசி மருந்து இருக்கிறதா, எக்ஸ்ரே உண்டா என்று கேட்டுவிட்டால் அலைச்சல் மிச்சம். ரெசிடென்சி ரோட்டுப் பெரிய ஆஸ்பத்திரியின் அவசரப் பிரிவில் நோயின் கடுமையைப் பார்த்துச் சிவப்பு, மஞ்சள், பச்சை என்று பிரிப்பார்கள்; சிறு காயத்தோடு போனால் பச்சையில் வெகு நேரம் காத்திருக்க நேரும். அதற்காக நர்ஸம்மாக்களோடு சண்டையிடும் நம் சகோதரர் சிலரைக் கண்டிருக்கிறேன். நமக்கு முன் உள்ளே போனவன் நம்மை விட மோசமாக இருக்கிறான் என்பதுதான் அதன் பொருள். பிரஜையல்லாத குடும்பத்தாருக்குக் கட்டணம் மிக அதிகம். ஊரிலிருந்து மனைவி மக்களை வரவழைக்கும்போதே அதற்கென்று ஒரு தொகையை ஒதுக்கி வைப்பது உத்தமம்.

யார் முடிவு செய்வது?

என் தவறுக்கு இப்போது திரும்பி வருகிறேன். என் மனைவி காயத்தைப் பார்த்தாள், நான் பார்க்கவில்லை. பார்த்தவள் போக வேண்டும் என்றாள். பார்க்காதவன் வேண்டாம் என்றேன். நம் குடும்பங்களில் இது பரம்பரை வழக்கம். முதலாளி கடையில் இருப்பார், அவர் வரட்டும் கேட்டுக்கொள்ளலாம் என்று உம்மாவும் மாமியும் காத்திருப்பார்கள். கடை சாத்தும் நேரம் இரவு 10 மணி. கழுவவும் தைக்கவும் ஊசி போடவும் தோதான நேரமெல்லாம் அதற்குள் போய்விடும். அந்த வருஷம் முதல் எங்கள் வீட்டில் ஏற்பாடு மாறிவிட்டது. அலமாரியில் ஓர் உறையில் கொஞ்சம் பணம், பிள்ளைகளின் பிறப்புச் சான்றிதழ் நகல், தடுப்பூசி அட்டை, அருகிலுள்ள கிளினிக்கின் நம்பர் ஆகியவை இருக்கின்றன. ஆம்புலன்ஸுக்கு 999 என்பது குழந்தைகளுக்கும் தெரியும். காயத்தைப் பார்த்தவரே முடிவு செய்வார். எனக்கு வழியிலிருந்து போன் செய்தால் போதும். கடைப் பையன்களிடமும் சொல்லி வைத்திருக்கிறேன்: வீட்டிலிருந்து போன் வந்தால், கல்லாவில் எவ்வளவு கூட்டம் இருந்தாலும் என்னைக் கூப்பிட வேண்டும்.

கட்டுப்போட்ட பிள்ளை ஒலூச் செய்வது எப்படி என்று ஒரு சகோதரர் கேட்டிருந்தார். மார்க்கத்தில் இதற்கு இலகு இருக்கிறது. ஹனபி மத்ஹபில் கட்டின் மேல் ஈரக்கையால் தடவினால் போதும். ஷாபி மத்ஹபில் நல்ல இடத்தைக் கழுவி, கட்டின் மேல் தடவி, தயம்மமும் செய்ய வேண்டும். கட்டு எந்த நிலையில் போடப்பட்டது என்பதைப் பொறுத்து நுணுக்கங்கள் உண்டாதலால், பள்ளிவாசல் இமாமிடம் கேட்டுக்கொள்ளுங்கள். தொழுகைக்காக நாளுக்கு ஐந்து தடவை கட்டை அவிழ்த்து நனைக்க வேண்டிய அவசியம் எந்த மத்ஹபிலும் இல்லை. தையல் போட்ட கால் எத்தனை நாள் நனையக் கூடாது என்பதை டாக்டர் சொல்லுவார். உள்ளங்காலில் தையல் பிரிக்க இரண்டு வாரம் வரை ஆகும். அதுவரை பள்ளியில் ஓட்டப் பயிற்சிக்கு வரமாட்டான் என்று வாத்தியாருக்கு ஒரு வரி எழுதி அனுப்பிவிடுங்கள்.